பின் இடது ஷாக்கும் அந்த 'டொக்' சத்தமும்: இரண்டு வருட அனுபவம்

நீ போட்டிருக்கிற ஷாக் செட்டையே (சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள்) நானும் வாங்கலாமா என்று போன வாரம் நண்பர் கேட்டார். அவருடையதும் என்னுடையதைப் போல உயரத்தை இரண்டு அங்குலம் தூக்கிய, பின்னால் இரு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில் உள்ள வண்டி. வாங்குங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. காரணத்தை எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வந்த ஷாக் இரட்டைக் குழாய் வகை. வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த மண் சாலையில் அரை மணி நேரம் ஓடினாலே உள்ளே ஆயில் சூடாகி நுரைத்துவிடும். அதன் பிறகு பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு ஆடும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தே தோள் வலிக்கும். புதிதாகப் போட்டது ஒற்றைக் குழாய் வகை. ஆயில் வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் சூடு சீக்கிரம் வெளியேறும். அடியில் ஆயிலையும் கேஸையும் பிரிக்கும் ஒரு மிதக்கும் பிஸ்டன், அதற்குப் பின்னால் அழுத்தமான நைட்ரஜன். அந்த அழுத்தத்தில் ஆயில் சுலபமாக நுரைக்காது. முதல் நாள் அதே சாலையில் ஓட்டியபோது சாலையைச் சமன் செய்துவிட்டார்களோ என்று இறங்கிப் பார்த்தேன். செய்யவில்லை. அந்தச் சந்தோஷத்தை இன்றும் மறக்கவில்லை.

எட்டாவது மாதத்தில் சத்தம் வந்தது. பின் இடது பக்கம், ஒரே ஒரு 'டொக்'. கல்லில் ஏறும்போது இல்லை, சக்கரம் குழியில் தொங்கி இறங்கும்போது மட்டும். காலையில் வண்டியை எடுத்ததும் தெளிவாகக் கேட்கும். கொஞ்ச தூரம் போனால் மங்கிவிடும், ஆனால் பின்பக்கம் லேசாக மிதக்க ஆரம்பிக்கும்.

மெக்கானிக் முதலில் ஷாக்கை வண்டியோடு இணைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷைச் சந்தேகப்பட்டார். நியாயமான சந்தேகம்தான். வண்டியை ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பர் புஷ் போல்ட்டை முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். அதனால் வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே மறுபடி இறுக்கினோம். சத்தம் போகவில்லை. அடுத்து நீளம். தூக்கிய வண்டிக்கு ஷாக் குட்டையாக இருந்தால் ஆக்சில் இறங்கும்போது ஷாக்குக்குள் போய்வரும் கம்பியான ராட் முழுதாக நீண்டு முட்டும், அதுவும் இதே மாதிரிதான் சத்தம் போடும். ஆனால் வலது பக்கமும் அதே நீளம், அங்கே சத்தமே இல்லை. சரி, இரண்டையும் பக்கம் மாற்றிப் போடலாம் என்றேன். மாற்றினோம். சத்தமும் வலது பக்கம் போய்விட்டது.

அன்று மாலை மண் சாலையில் நன்றாக ஓட்டிவிட்டு வந்து இரண்டு ஷாக்கையும் தொட்டுப் பார்த்தேன். நல்லதில் கை வைக்க முடியவில்லை. சத்தம் போட்டது வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. ஷாக்கின் வேலையே ஆட்டத்தைச் சூடாக மாற்றி வெளியே தள்ளுவதுதான். சூடாகவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் கோபத்துக்குக் காரணம். கழற்றி, பில்லோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். விற்றவர் துணியால் துடைத்துப் பார்த்தார். ஆயில் கசியவில்லை. ராடை அமுக்கி விட்டார், தானாக வெளியே வந்தது. "கேஸ் இருக்கு, லீக் இல்லை, ஷாக் நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி கேட்டதற்கு, கரடுமுரடான ஓட்டத்துக்கு வாரண்டி பொருந்தாது என்று எழுத்தில் பதில் வந்தது. கரடுமுரடான ஓட்டத்துக்கென்றே விற்கிற பொருள் அது. அட்டைப்பெட்டியில் இருந்த படமே மணல் மேட்டில் பாயும் வண்டிதான். அந்தப் பதிலைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் ஷாக்கை ராட் மேலே இருக்கும்படி சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். மறுநாள் காலை சும்மா அமுக்கினேன். முதல் இரண்டு விரல்கடை தூரத்துக்குக் கைக்கு எதிர்ப்பே இல்லை, காலிக் குழாயில் குச்சியை விட்டதுபோல் இறங்கியது. அதன் பிறகுதான் ஆயில் பிடித்தது. சந்தேகத்தில் தலைகீழாகத் திருப்பி, ராட் கீழே இருக்கும்படி கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அமுக்கினேன். தொடக்கத்திலிருந்தே சீராகப் பிடித்தது. திரும்ப நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன், மறுபடி அந்த வெற்றிடம்.

அப்போதுதான் புரிந்தது. மிதக்கும் பிஸ்டனின் சீல் போய்விட்டது. நைட்ரஜன் ஷாக்கை விட்டு வெளியேறவில்லை, ஆயில் பக்கம் நுழைந்துவிட்டது. அதனால்தான் வெளியே கசிவு இல்லை, ராடும் தானாக எழுந்து வருகிறது. இரவு முழுக்க நிற்கும்போது கேஸ் பிரிந்து மேலே சேர்கிறது. என் வண்டியில் ராட் மேல்பக்கம். சக்கரம் தொங்கும்போது ராட் நுனியில் உள்ள பிஸ்டன் மேலே போய் அந்தக் கேஸுக்குள் நுழைகிறது, பிடிப்பே இல்லாமல் போய் முட்டுகிறது. காலை 'டொக்' அதுதான். ஓட ஓட கேஸும் ஆயிலும் கலந்து நுரையாகிவிடும், அதனால் சத்தம் குறைந்து மிதப்பு வரும். விற்றவர் அதைக் கவுண்டர்மேல் படுக்கவைத்து அமுக்கினார். அவருக்கு வித்தியாசம் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொன்னதை அவர் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

நிமிர்த்தியும் கவிழ்த்தும் அமுக்குவதை வீடியோ எடுத்து நேரே தயாரிப்பாளருக்கே அனுப்பினேன். அதற்குப் பிறகு எந்த வாதமும் இல்லை, புது ஷாக் வந்தது. ஒன்றே ஒன்று. ஒரே ஆக்சிலில் புதியதும் பழையதுமாக ஓட்டக்கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று அவர்களுடைய கையேட்டிலேயே போட்டிருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டதற்கு, பழுதான பொருளுக்கு மட்டும்தான் வாரண்டி என்றார்கள். சத்தம் தொடங்கிய நாளிலிருந்து இதற்குள் ஐந்து மாதம் போயிருந்தது. அந்தப் பக்க டயர் விளிம்பில் அலைஅலையாகத் தேய்ந்த பள்ளங்களுக்கு யாரும் பொறுப்பில்லை.

இப்போது நான்கும் நன்றாக இருக்கின்றன. உண்மையாகச் சொல்கிறேன், இந்த வண்டிக்கு நான் செய்ததில் இதைவிட நல்ல மாற்றம் வேறு இல்லை. நேற்றுகூட அதே மண் சாலையில் போய்வந்தேன், பின்பக்கம் இம்மி அசையவில்லை.

நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள். பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பழுதானால் அதை நிரூபிக்க ஐந்து மாதம் நீங்களே மெக்கானிக்காக மாற வேண்டும் என்றால் அது எனக்கு ஒத்துவராது. மீறி வாங்குவதாக இருந்தால், வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் நான்கையும் ராட் மேலே இருக்கும்படி ஒரு இரவு நிற்க வையுங்கள். காலையில் ஒவ்வொன்றையும் மெதுவாக அமுக்குங்கள். தொடக்கத்தில் துளி வெற்றிடம் தெரிந்தாலும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.