கல்லணை முதல் திருவையாறு வரை என் முதுகில் வந்த 45 லிட்டர் பை

பங்குனிக் கடைசியில் நானும் மைத்துனரும் கல்லணையிலிருந்து திருவையாறு வரை காவிரிக் கரையோரமாக நடந்தோம். பூம்புகார் வரைக்கும் போக வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை, ஆனால் ஒரே மூச்சில் அத்தனை நாள் லீவு கிடைக்காது, அதனால் வருஷத்துக்கு ஒரு துண்டாக நடப்பது என்று வைத்துக்கொண்டோம். இது முதல் துண்டு, இரண்டு நாள். இதற்காகவே ஆன்லைனில் 3,200 ரூபாய்க்கு ஒரு 45 லிட்டர் முதுகுப்பை வாங்கினேன். இதே அமைப்பில் நாலைந்து கம்பெனிகள் விற்கின்றன, ஆகவே பெயரை விட்டுவிட்டுப் பையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் எடை. காலிப் பை 1.4 கிலோ. துணி, போர்வை, டார்ச், மூன்று லிட்டர் தண்ணீர் எல்லாம் போட்டு மளிகைக்கடைத் தராசில் வைத்தால் ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல். தண்ணீர் மட்டுமே மூன்று கிலோ, அதைக் குறைக்கவும் முடியாது. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், பங்குனியில் ஆறு பெரும்பாலும் மணல்தான். காவிரிக் கரையில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று யாரும் ஒரு பாட்டிலோடு கிளம்பிவிடாதீர்கள்.

இந்தப் பையின் உயிர் அதன் இடுப்புப் பட்டை. நம் ஊர்ப் பெண்கள் நிறைகுடத்தைக் கையில் தொங்கவிட்டுத் தூக்குவதில்லை, இடுப்பெலும்பில் உட்காரவைத்துத்தான் நடப்பார்கள், பட்டை செய்வதும் அந்த வேலையைத்தான். எலும்பின் மேல் சரியாக உட்காரும்படி இறுக்கிவிட்டால் பாரம் காலுக்கு இறங்கிவிடுகிறது, தோளில் இருப்பது வெறும் பிடிமானம். கோவிலடி வரைக்கும் பட்டையைத் தளர்வாக விட்டிருந்தேன், தோள் இரண்டும் கன்றிப்போயின. அப்பக்குடத்தான் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து இறுக்கிக் கட்டினேன், அதற்கப்புறம் திருக்காட்டுப்பள்ளி வரை தோளில் வலியே இல்லை. ஒன்று, வேட்டி மேல் பட்டை நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும். அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது உங்கள் உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள், முதுகை அளங்கள். தலையைக் குனிந்தால் கழுத்துக்குப் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப் வைக்க வேண்டும். மைத்துனர் என்னைவிட நாலு விரல் உயரம், முதுகு அளவு என்னைவிடக் குறைவு. என் பையை அவர் மாட்டியபோது பட்டை தொடைக்கு இறங்கிவிட்டது.

முதுகுப் பக்கம் வலை இழுத்துக் கட்டி நடுவில் காற்று போக இடைவெளி விட்டிருக்கிறார்கள். பதினோரு மணி வெயிலில் இதன் அருமை தெரிந்தது. வேர்க்காமல் இல்லை, ஆனால் சட்டை முதுகோடு ஒட்டவில்லை.

சரி, குறைகள். பக்கவாட்டுப் பாட்டில் பை ரொம்ப இறுக்கம், நடந்துகொண்டே கையை விட்டு எடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் மைத்துனர்தான் எடுத்துக் கொடுத்தார். கரையில் உளுந்து அறுப்பு நடந்துகொண்டிருந்தது, செடியைத் தார்ரோட்டில் பரப்பி வண்டி ஏறவிட்டிருந்தார்கள், அந்தத் தூசியும் ஆற்று மணலும் சேர்ந்து மேல் ஜிப்பைப் பிடித்துக்கொண்டன.

பெரிய குறை தையல். இரண்டாம் நாள் காலையில் இடது தோள்பட்டை பையோடு சேரும் இடம் பிரிந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால் தையல் வாரண்டியில் வராது என்றார்கள். சுமையைத் தாங்குவதே அந்த இடம்தான், அதற்குப் பொறுப்பில்லை என்றால் பின்னே எதற்குத்தான் வாரண்டி? திருவையாறு வரை ஒரு துண்டால் கட்டிக்கொண்டு வந்து, செருப்புத் தைக்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தவர், "ஒத்த ஓட்டந்தான் விட்டிருக்காங்க தம்பி, இழுபடுற எடத்துல கட்டம் போட்டுக் குறுக்கால ஓட்டியிருக்கணும்" என்றார். மெழுகு நூலில் அப்படியே தைத்துக் கொடுத்தார், அறுபது ரூபாய். வலது பக்கத்தையும் சேர்த்துத் தைக்கச் சொன்னேன்.

மழை உறை கூடவே வராது. அதற்குச் செலவழிக்க வேண்டாம், உறை போட்டாலும் முதுகுப் பக்கம் திறந்துதானே இருக்கிறது. சாக்குக்குள் வரும் தடித்த பாலித்தீன் பையைக் கழுவிக் காயவைத்துப் பைக்குள் இறக்கி, அதற்குள் துணியை வைத்தேன். சாயங்காலம் கோடை மழை முக்கால் மணி நேரம் கொட்டியது, போர்வை நனையவில்லை.

இரண்டு மூன்று நாள் நடைக்கு வாங்கலாம், ஆனால் வந்ததும் இரண்டு தோள்பட்டையையும் வெளியில் கொடுத்துத் தைத்துவிட்டு மாட்டுங்கள். நடந்து முடித்ததும் மடித்துப் பரணில் போடாதீர்கள், புழுக்கத்தில் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். என்னுடையதைத் துடைத்து நிழலில் காயவைத்து, கூடத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன்.