வாசலில் மானம் போனது, உள்ளே தெளிவு கிடைத்தது

மறைவிடத்தில் மரு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவன். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவமனைக்குப் போனேன். தோல் நோய், பால்வினை நோய்ப் பிரிவு.

முதலில் குறை. அந்தப் பிரிவு எந்தப் பக்கம் என்று ஒரு பலகை இல்லை. சீட்டு தருகிற ஆள், "பால்வினையா? அப்படிக்கா போ" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். அங்கிருந்து அப்படியே திரும்பிப் போகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

டாக்டர் பார்த்ததும் மருதான் என்று சொல்லிவிட்டார். எங்கள் தெரு மெடிக்கலில் கால் ஆணி மருந்தை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டியதும், "இதை அங்கே போட்டால் வெந்துவிடும், தூக்கிப் போடுங்க" என்றார். ஏதோ அமிலம் தொட்டு வைத்தார். பட்ட இடம் வெள்ளையாகி, நன்றாகவே எரிந்தது. நாலைந்து வாரம் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும், போனது மறுபடி முளைக்கவும் செய்யும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எருக்கம்பால் வைத்தால் மூன்றே நாளில் உதிரும் என்ற வீடியோவை நம்பாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அப்புறம் ஆலோசகர் அறை. இந்த விமர்சனமே அந்த அம்மாவுக்காகத்தான். போனில் பார்த்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். ஆணுறை போட்டால் வரவே வராது என்கிறது ஒன்று, ஆணுறையால் பிரயோஜனமே இல்லை என்கிறது இன்னொன்று. "ரெண்டுமே முழுசா சரியில்லீங்க தம்பி. இது தோலும் தோலும் பட்டு ஒட்டுறது. உறை மூடாத இடம் இருக்குதுல்ல? அபாயம் குறையும், இல்லாம போயிடாது" என்றார். கழிப்பறையில் உட்கார்ந்தோ, ஒரே கிணற்றில் குளித்தோ வராதாம். புற்றுநோயாகிவிடும் என்று ஒருவர் பயமுறுத்தியிருந்தார். இந்த மருவை உண்டாக்கும் எச்பிவி என்ற கிருமியில் நூற்றுக்கும் மேல் வகை உண்டு. இந்த மருக்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் 6, 11 என்ற வகைகள், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் 16, 18. எந்த வகை என்று சொல்லாமலே ஆளாளுக்குப் பேசினால் கேட்கிறவன் குழம்பாமல் என்ன செய்வான்?

எனக்குப் பெரிய கவலை வேறு. துணைக்கு மரு வந்தால் துரோகம் நடந்திருக்கிறது என்று அடித்துப் பேசும் வீடியோ ஒன்றை வீட்டில் என் மனைவியும் பார்த்துவிட்டாள். சோறு போட்டாள், பேச்சில்லை. அவளையும் அங்கே கூட்டிப் போனேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, யாரிடமிருந்து என்ற கேள்வியையே கேட்கவில்லை. "கிருமி உள்ள போய் மாசக்கணக்கில, சில பேருக்கு வருசம் தாண்டிக்கூட சும்மா இருக்கும். மரு வெளியில தெரியாதவங்ககிட்ட இருந்தும் ஒட்டும். எப்ப வந்துச்சுன்னு யாராலயும் தேதி போட முடியாதுங்க" என்றார். கல்யாணத்துக்கு முந்தைய கணக்கு எனக்கும் இருக்கலாம், அவளுக்கும் இருக்கலாம். பஸ்ஸில் வரும்போது அவளே பேச்சை ஆரம்பித்தாள். இதற்கு எந்தத் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்தாலும் தகும், இங்கே இலவசம்.

நம்பிக்கை மையம் என்கிற எச்ஐவி பரிசோதனை மையத்தில் எச்ஐவி, மேகநோய் (சிபிலிஸ்) இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளைக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்; மரு இருக்கிறதோ இல்லையோ, முப்பது வயது தாண்டிய பெண்கள் செய்துகொள்ள வேண்டியதுதானாம். எச்பிவி தடுப்பூசி ஏற்கெனவே இருக்கிற மருவைப் போக்காது, ஆனால் மகளுக்கு 9 வயதிலிருந்தே போடலாம் என்றார் அந்த அம்மா. 2023-இல் வந்த நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக் என்ற ஊசி 6, 11, 16, 18 என்ற அந்த நாலு வகைக்கும் சேர்த்துத்தான், பையன்களுக்கும் போடலாமாம்.

போகிறவர்கள் காலையில் சீக்கிரம் போங்கள், வெளி நோயாளி சீட்டு மதியத்துக்கு மேல் தருவதில்லை. சீட்டு வாங்கும்போது "தோல் டாக்டர்" என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை உள்ளே போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.