பெய்ஜிங்கில் அரச விருந்து: ஏரிக்கரைப் பலகாரமா, மேடைக் கொண்டாட்டமா?

பெய்ஜிங் போகிறவர்களில் பலருக்கு ஒரு வேளையாவது சக்கரவர்த்தி சாப்பாட்டை ருசி பார்க்க ஆசை இருக்கும். அதற்கு இரண்டு வழி உண்டு. பெய்ஹாய் பூங்காவில் ஏரிக்கரையிலுள்ள ஃபாங்ஷான் உணவகம் ஒன்று. வருகிறவர்களுக்குப் பட்டாடை உடுத்திவிட்டு, மேடையில் ஆட்டம் பாட்டம் நடத்தி, நடுநடுவே பரிமாறும் புதுப் பாணி விருந்து மண்டபம் இன்னொன்று.

ஃபாங்ஷானுக்குப் பூர்வீகம் உண்டு. 1924 நவம்பரில் கடைசிச் சக்கரவர்த்தி பூயியை அரண்மனையிலிருந்து வெளியேற்றியதும் சமையல்காரர்களுக்கும் வேலை போனது. அவர்களில் சிலர் மறு வருடமே பெய்ஹாயில் கடை போட்டார்கள். அதுவரை அரச குடும்பத்துத் தோட்டமாக இருந்த பெய்ஹாயும் 1925-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. ‘ஃபாங்ஷான்’ என்றால் அரச உணவைப் பார்த்துச் செய்தது என்று பொருள். அசல் என்று மார்தட்டாத அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கும்.

அங்கே சிறு பலகாரங்கள்தான் விசேஷம். மஞ்சள் பட்டாணியைத் தோல் நீக்கிக் குழைய வேகவைத்து, சல்லடையில் தேய்த்து, சர்க்கரை போட்டுக் கிளறி, ஆறியதும் வில்லை போட்டால் வான்தௌஹுவாங். பார்வைக்கு நம் அல்வாத் துண்டு மாதிரி இருக்கும். ஆனால் நெய் கிடையாது; நாக்கில் வைத்ததும் மாவாகக் கரைந்துவிடும். வோவோதௌ என்பது சோள மாவில் கூம்பாகப் பிடித்து, கொழுக்கட்டை போல ஆவியில் வேகவைப்பது. உள்ளும் புறமும் சீராக வேக அடியில் ஒரு குழி இருக்கும். ஏழைகளின் சாப்பாடு அது. 1900-ல் அந்நியப் படைகளுக்குத் தப்பி ஓடிய பேரரசி சிஷி, பசியில் அதைத் தின்று ருசிகண்டு, பிறகு அரண்மனையிலும் சின்னதாக, இனிப்பாகச் செய்யச் சொன்னாராம். கதைதான், ஆனால் நல்ல கதை.

சரி, மேடை விருந்து? நாடகத்துக்குப் போவது மாதிரி நினைத்துக்கொண்டு போக வேண்டும். அலங்காரம், இசை, ஆளுக்கொரு மேசை, கைநிறைய போட்டோ. வரலாறு மட்டும் கொஞ்சம் கலந்துகட்டி. உடுத்துகிற ஹன்ஃபூ ஹான் சீனர்களின் உடை; சிஷியும் பூயியும் சேர்ந்த சிங் வம்சத்து மஞ்சுக்கள் ஆட்சிக்கு வருவதற்கு முந்தைய காலத்தது. அதை உடுத்திக்கொண்டு சிஷி காலத்துப் பலகாரம் தின்பது, சோழர் வேஷத்தில் உட்கார்ந்து தஞ்சை மராட்டியர் விருந்து சாப்பிடுவது போல.

அதற்காக மேடையைப் போலி என்று ஒதுக்கவும் முடியாது. பூயியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்: வேளாவேளைக்கு அரண்மனை ஊழியர்கள் வரிசையாக மேசைகளையும் தங்க டிராகன் வரைந்த சிவப்புப் பெட்டிகளையும் தூக்கி வருவார்கள். விஷம் இருந்தால் தெரிய ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு வெள்ளித் தகடு இருக்கும். ஆனால் எல்லாம் முன்கூட்டியே சமைத்து அடுப்பில் சூடாக வைத்திருந்தவை, வெறும் காட்சிக்கு. அவர் சாப்பிட்டது அரண்மனைப் பெரிய ராணிகளின் சமையலறையிலிருந்து வந்ததை!

அதனால் சாப்பாட்டுக்காகப் போகிறவர்களுக்கு ஃபாங்ஷான், அதிலும் பலகாரமும் டீயும் போதும். பிள்ளைகளோடு போனால் மேடைக்கே என் ஓட்டு. எங்கே போனாலும், மஞ்சு, ஹான் சமையல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ‘அரண்மனையின் 108 வகை மஞ்சு-ஹான் விருந்து’ என்று பேக்கேஜ் நீட்டினால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். சிங் அரண்மனையில் மஞ்சு விருந்தும் ஹான் விருந்தும் தனித்தனியாகத்தான் நடந்தன.