பாட்டு விக்கி விக்கி வருகிறதா? லிரியான் மியூசிக் சர்வர், பைகோர்ப்ளேயர் பற்றி ஒரு விமர்சனம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுகளை வீட்டிலேயே டிஸ்க்கில் சேர்த்து வைத்து, அதை நெட்வொர்க் வழியாக வேறு அறையில் கேட்கிறவர்களுக்கு டிஸ்க்கிலிருந்து பாட்டை அனுப்பும் லிரியான் மியூசிக் சர்வர் என்ற மென்பொருளும், ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில் (இனி வெறும் பை) ஓடி அதை வாங்கிப் பாடும் பைகோர்ப்ளேயரும் சேர்ந்தால் அதற்கு மேல் ஒன்றை நான் பார்க்கவில்லை. ஒலித்தரத்துக்காகச் சொல்லவில்லை, டிஜிட்டல் டேட்டாவை ஒலியாக மாற்றும் டாக் ஒன்றாகவே இருந்தால் எந்த மென்பொருளிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டு நடுவில் நின்றுபோனால் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று தேடிப் பார்க்க இது இடம் கொடுக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

இதற்கு முன் பயன்படுத்திய வயர்லெஸ் ஸ்பீக்கரில் அந்த இடமே இல்லை. பாட்டு நின்றால் ஒரு விளக்கு சிமிட்டும், ஆப்பில் மீண்டும் முயற்சி செய்யுங்கள் என்று வரும், அவ்வளவுதான். வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்பார்கள், அப்புறம் நெட் பிளானைக் கூட்டுங்கள் என்பார்கள். இந்த இரண்டாவது பதிலைக் கேட்டால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அதை நம்பி மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் டிஸ்க்கிலிருந்து உங்கள் ஸ்பீக்கருக்குப் போகும் பாட்டு வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. அதற்கும் பிளானுக்கும் சம்பந்தமில்லை.

கணக்கையும் பாருங்கள். சிடி தரம் என்பது அழுத்தாமல் நொடிக்கு 1,411 கிலோபிட், தரம் குறையாமல் அளவைச் சுருக்கும் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் அதில் பாதியிலிருந்து முக்கால் பங்குக்குள் அடங்கிவிடும். ஹை ரெசல்யூஷன் என்று விற்கும் 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகூட அழுத்தாமல் 9.2 மெகாபிட்தான். பழைய 100 மெகாபிட் ஈதர்நெட் கேபிளுக்கே இது ஒரு பொருட்டில்லை. அதனால் விக்கலுக்குக் காரணம் வேகம் போதாதது என்பதைவிட, டேட்டா வர வேண்டிய நேரத்தில் வராமல் இரண்டு மூன்று நொடி தாமதமாவதுதான். இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஸ்பீடு டெஸ்ட் முதலாவதைத்தான் நன்றாகக் காட்டும்.

மென்பொருளின் பூர்வீகம் கொஞ்சம். ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2001-இல் இதை ஆரம்பித்தது, 2006-இல் அந்த நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது, இந்த மென்பொருளோடு சேர்ந்து பாடும் ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகளை 2012-இல் நிறுத்திவிட்டார்கள். மென்பொருள் மட்டும் சாகவில்லை. திறந்த மூல நிரல் என்பதால் ஆர்வலர்கள் விடாமல் பராமரித்தார்கள், 2024-இல் லிரியான் என்று பெயர் மாறியது. நிறுத்தப்பட்ட கருவி வைத்திருப்பவர்கள் இன்றும் அதில் பாட்டுக் கேட்க முடிகிறது என்பது சாதாரண விஷயமில்லை. சர்வர் பழைய கணினியிலும் ஓடும், நாஸ் என்ற நெட்வொர்க் டிஸ்க் பெட்டியிலும் ஓடும், பையிலேயே கூட ஓடும்.

சரி, விக்கலுக்கு வருவோம். ஏதாவது அமைப்பை மாற்றுவதற்கு முன் காதால் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பாட்டு முழுதாக நின்று, ஓரிரு நொடி நிசப்தத்துக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் பஃபர், அதாவது ப்ளேயர் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைக்கும் டேட்டா, காலியாகிவிட்டது என்று பொருள், அது நெட்வொர்க் பக்கம் அல்லது சர்வர் பக்கம். பாட்டு நிற்காமல் நடுநடுவே டிக் டிக் என்று பொரிகிற மாதிரி சத்தம் வந்தால் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம், அது யூஎஸ்பி டாக், பவர் அடாப்டர் அல்லது சிபியு. பைக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குறைமின்னழுத்த எச்சரிக்கை பதிவாகும், வேகத்தையும் அதுவே குறைத்துக்கொள்ளும். ஏதோ ஒரு போன் சார்ஜரை மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இன்னொன்று, பை 3 வரை ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைப் பகிர்ந்துகொள்ளும். 2019-இல் வந்த பை 4-இல்தான் ஈதர்நெட்டுக்குத் தனி வழி கிடைத்தது. யூஎஸ்பி டாக் மாட்டி, கேபிள் வழியாகப் பெரிய கோப்புகள் கேட்பவர்கள் பை 4 எடுப்பது நல்லது. முதல் பாட்டு தொடங்க மட்டும் சில நொடி ஆகி, பிறகு ஒழுங்காக ஓடினால் அது தூங்கிப்போன ஹார்டு டிஸ்க் எழுந்து சுழல எடுக்கும் நேரம், கவலைப்பட ஒன்றுமில்லை.

பஃபர் காலியாகிறது என்று தெரிந்துவிட்டால், நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: ப்ளேயரைப் பற்றி யோசிப்பதற்கு முன் சர்வரைக் கேபிளில் போடுங்கள். முக்கால்வாசிப் பேர் நேர்மாறாகச் செய்கிறார்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கி வைக்கிறார்கள். சர்வரும் வைஃபையில், ப்ளேயரும் வைஃபையில் என்றால் பாட்டின் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு முறை போகிறது, சர்வரிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து ப்ளேயருக்கு ஒரு முறை. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் இருந்தால் இன்னும் ஒரு முறை. ரவுட்டருக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு லேன் கேபிள் போட்டால் அந்தச் சுமையில் பாதி அப்படியே காற்றை விட்டு இறங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் அதைச் செய்ததும் ஹை ரெஸ் ஆல்பங்கள் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நிற்காமல் ஓடின. ப்ளேயர் இன்றும் வைஃபையில்தான் இருக்கிறது.

அதற்கப்புறமும் விக்கினால், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளில் இருக்கும் கணினியிலிருந்து ப்ளேயரின் ஐபி முகவரிக்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை) போட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருங்கள். கேபிளில் இருக்கும் ப்ளேயர் ஒரு மில்லிநொடிக்குள் பதில் சொல்லும், நல்ல வைஃபையில் சில மில்லிநொடி ஆகும். திடீரென்று நூற்றுக்கணக்கில் ஏறினாலோ பதிலே வராமல் போனாலோ, அந்த நேரத்தில் வீட்டில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான். பையிலேயே யூஎஸ்பி 3.0 டிஸ்க் மாட்டியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள், யூஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-இலேயே அறிக்கை எழுதியிருக்கிறது. டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். உலோகப் பெட்டிக்குள் பையைப் பூட்டி வைத்து வைஃபை வரவில்லை என்பவர்கள் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற முடிந்தால் மாறுங்கள், ஆனால் அது சுவர்களைத் தாண்டி அவ்வளவாக வராது. 2.4-இலேயே இருக்க வேண்டுமென்றால் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான், நடுவில் எதையும் வைக்க வேண்டாம். பையின் வைஃபையில் மின்சேமிப்பு முறை இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், பிங் எண்கள் தாறுமாறாகக் குதிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

பைகோர்ப்ளேயரில் நான் மிகவும் மதிப்பது பஃபர் அளவை நம் கையில் கொடுத்திருப்பது. உள்ளே ஓடுவது ஸ்க்வீஸ்லைட் என்ற சிறிய நிரல், வந்து சேரும் டேட்டாவை அது இயல்பாக 2 மெகாபைட் சேர்த்து வைக்கும். சிடி தரத்து ஃபிளாக்குக்கு அது ஏறக்குறைய 18 நொடிப் பாட்டு, போதும். அதே 2 மெகாபைட் 192 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக்குக்கு மூன்று நொடிதான் வரும். சாதாரணப் பாட்டுகள் ஓடுகின்றன, ஹை ரெஸ் மட்டும் நிற்கிறது என்று சொல்கிறவர்களில் பலருக்கு விடை இந்த எண்ணில்தான் இருக்கிறது. பைகோர்ப்ளேயரின் வலைப்பக்கத்தில் பஃபருக்கான பெட்டியில் எண்ணைப் பல மடங்கு கூட்டிச் சேமித்தால் ஆயிற்று, பையில் நினைவகம் தாராளமாக இருக்கிறது. விலை உயர்ந்த ஸ்பீக்கர் ஆப்கள் பலவற்றில் இப்படி ஒரு பெட்டியே கிடையாது.

இன்டர்நெட் ரேடியோவுக்கு மட்டும் இந்த வைத்தியம் முழுதாகப் பலிக்காது. டிஸ்க்கில் உள்ள கோப்பைப் பாடும் வேகத்தைவிட வேகமாக அனுப்ப முடியும், அதனால் காலியான பஃபர் மறுபடி நிரம்பிவிடும். நேரலை ரேடியோ பாடும் வேகத்தில்தான் வருகிறது, இழந்த நொடியைத் திரும்பப் பிடிக்க வழியில்லை, தொடக்கத்தில் சேர்த்து வைத்ததுதான் கையிருப்பு. லிரியானில் ரேடியோவுக்கென்று தொடக்க பஃபர் நொடிகளைத் தனியாகக் கூட்டலாம், பாட்டு ஆரம்பிக்கச் சற்றுத் தாமதமாகும், பரவாயில்லை. சொந்தக் கோப்புகள் ஒழுங்காக ஓடி ரேடியோ மட்டும் விக்கினால்தான் நெட் சேவையையோ அந்த நிலையத்தையோ குறை சொல்ல வேண்டும்.

பல அறைகளில் ஒரே பாட்டு என்ற வசதியும் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. சர்வர் ஒவ்வொரு ப்ளேயருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்புகிறது என்பதை நினைவில் வையுங்கள், மூன்று அறை என்றால் மூன்று மடங்கு. கருவிகளின் கடிகாரங்கள் துளித்துளி விலகும்போது ஒன்றாகச் சேர்க்க அவ்வப்போது சின்னத் திருத்தம் செய்யும், அது மெல்லிய தாவலாகக் காதில் படலாம். இந்தத் திருத்தத்தின் அளவையும் ஒவ்வொரு ப்ளேயருக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. லிரியானோடு வரும் இயல்பான வலைப்பக்கம் பழைய காலத்துத் தோற்றம், போனில் பார்க்கவே பிடிக்காது. மெட்டீரியல் ஸ்கின் என்ற செருகுநிரலைப் போட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்களும் தயங்காமல் பயன்படுத்துகிறார்கள். அமைப்புகள் மலைபோல் குவிந்திருக்கின்றன, எதை மாற்றினால் என்ன ஆகும் என்று விளக்கம் எல்லா இடத்திலும் இல்லை. பலவீனமான கருவியில் சர்வரை ஓட்டினால், ப்ளேயருக்குப் புரியாத வடிவங்களை அது மாற்றிக் கொடுக்கும்போதும் பெரிய நூலகத்தை ஸ்கேன் செய்யும்போதும் மூச்சு வாங்கும், அந்த நேரத்து விக்கல் நெட்வொர்க்கின் தப்பில்லை. பைகோர்ப்ளேயர் முழுவதும் நினைவகத்தில் ஓடுவதால் சுவிட்சை நேரடியாக அணைத்தாலும் பையில் இருக்கும் மெமரி கார்டு கெடாது, இது பெரிய நிம்மதி. ஆனால் அதனாலேயே செய்த மாற்றங்களைச் சேமிக்க மறந்தால் அடுத்த முறை போடும்போது காணாமல் போயிருக்கும்.

போனில் ஒரு ஸ்ட்ரீமிங் சேவை, ஒரு புளூடூத் ஸ்பீக்கர், இவ்வளவு போதும் என்பவர்களுக்கு இது தேவையில்லை. சொந்தமாகப் பாட்டு சேர்த்து வைத்திருப்பவர்கள் தாராளமாக இறங்கலாம். புதிதாக நிறுவும்போது பையையும் சர்வரையும் கேபிளில் வைத்தே தொடங்குங்கள், ஒரு முழு ஆல்பம் நிற்காமல் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு பையை மட்டும் வைஃபைக்கு மாற்றுங்கள். விக்கல் எந்தக் கட்டத்தில் ஆரம்பிக்கிறதோ அங்கேயே தேடினால் போதும்.