அச்சு நாடுகளும் நேச நாடுகளும்: சேர்ந்து போரிட்ட கூட்டணி எது?

இரண்டாம் உலகப் போரின் இரு கூட்டணிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எண்ணெய், எஃகு, ஆள்பலம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, நேச நாடுகளின் வெற்றிக்கு அவற்றையே காரணமாகக் கூறுவர். அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த வளம் தேவைப்பட்ட களத்தை எவ்வாறு சென்றடைந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அச்சு நாடுகளான ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்றும் 1940 செப்டம்பர் 27 அன்று பெர்லினில் முத்தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு மாதம் கழித்து முசோலினி ஹிட்லரைக் கலந்தாலோசிக்காமல் கிரேக்கத்தின் மீது படையெடுத்துத் திணறினார். 1941 ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் அங்கே இறங்க நேர்ந்தது. அதே மாதம் சோவியத் ஒன்றியத்துடன் ஜப்பான் நடுநிலை ஒப்பந்தம் செய்துகொள்ள, பத்தே வாரங்களில் ஜெர்மனி சோவியத் மண்ணில் புகுந்தது. இதன் விளைவை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது: நேச நாடுகளுக்குப் போர்க்காலப் பொருள்களை வழங்கிய கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் அமெரிக்கா சோவியத்துக்கு அனுப்பிய சரக்கில் ஏறத்தாழப் பாதி, சோவியத் கொடி பறந்த கப்பல்களில், ஜப்பானை ஒட்டிய கடல்வழியாகவே சோவியத்தின் கிழக்குக் கரையிலுள்ள விளாதிவஸ்தோக் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வழியில் ஆயுதங்கள் செல்லவில்லை. ஆனால் உணவும் எரிபொருளும் வாகனங்களும் சென்றன. ஜெர்மனியை எதிர்த்து நின்ற படைக்கான அந்தச் சரக்கை ஜெர்மனியின் கூட்டாளி தடுத்து நிறுத்தவில்லை.

நேச நாடுகளுக்குள்ளும் நம்பிக்கை குறைவாகவே இருந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் 1942 முதல் வாஷிங்டனில் கூட்டுத் தலைமைக் குழு அமைத்துத் திட்டமிட்டபோது, சோவியத் அதில் இடம்பெறவில்லை. மேற்கில் இரண்டாம் போர்முனையைத் திறக்குமாறு ஸ்டாலின் விடுத்த கோரிக்கையும் ஈராண்டுகள் தள்ளிப்போனது. அந்தக் காலம் முழுவதும் ஜெர்மானியத் தரைப்படையின் பெரும்பகுதியைச் சோவியத்தின் செஞ்சேனையே தாங்கியது என்பதால், சுமை சமமாகப் பகிரப்பட்டது என்று எவரும் வாதிட முடியாது. இருப்பினும் 1943 இறுதியில் டெஹ்ரானில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் ஆகிய மூன்று தலைவர்களும், மேற்கிலும் கிழக்கிலும் ஒரே காலத்தில் தாக்குவதென எட்டிய உடன்பாடு நிறைவேறியது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் தரையிறக்கம் நடந்தது. அம்மாதமே பெலாரஸில் தொடங்கிய சோவியத் தாக்குதல் ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியைச் சிதைத்தது. ஒரு முனையைத் தளர்த்தி மறுமுனையை வலுப்படுத்தும் வாய்ப்பு ஹிட்லருக்கு அதன்பின் வாய்க்கவில்லை.

ஜெர்மனி வீழ்ந்து மூன்று மாதங்களுக்குள் ஜப்பானுக்கு எதிராகப் போரில் இறங்குவதாக ஸ்டாலின் யால்டா மாநாட்டில் வாக்களித்திருந்தார். மாஸ்கோவைச் சமாதானத் தூதராக்கலாம் என்று டோக்கியோ நம்பியிருந்த வேளையில், 1945 ஆகஸ்ட் 8 அன்று சோவியத் அதன் மீது போர் அறிவித்தது.