தண்ணீரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்: கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் 11 ஆண்டுகள்

எங்கள் வீட்டில் யாரும் ‘பூங்காவுக்குப் போகலாம்’ என்று சொன்னதில்லை. ‘டேமுக்குப் போகலாமா?’ என்றுதான் கேட்போம். டேம் என்றால் கிருஷ்ணகிரி அணை; கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் கே.ஆர்.பி. 2014 கோடையில் மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல்முறை போனபோது நான் தேடிப் போனது ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் புல்தரையையும்தான். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு அந்த அணை பின்னால் நிற்கிற ஒரு பெரிய சுவர், அவ்வளவே. இந்த 11 ஆண்டுகளில் அந்த எண்ணம் தலைகீழாக மாறிவிட்டது. ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் போகிறோம். போவதற்கு முன்னால் ஊஞ்சலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அணையில் எத்தனை அடி தண்ணீர் என்றுதான் பார்க்கிறோம்.

அந்த முதல் நாள் மே மாத நண்பகல். கிருஷ்ணகிரி வெயில் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, பாறையிலிருந்தும் திரும்பி அடிக்கும். சறுக்குமரத்தில் உட்கார்ந்த பிள்ளை அலறி எழுந்தான். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மார்ச் முதல் ஜூன் வரை மாலை நான்கரைக்கு முன்னால் போகாதீர்கள். இருட்டுவதற்குள் கிளம்பியும் விடுங்கள். பொழுது சாய்ந்ததும் கொசு பிடுங்கும்.

புதிதாக வருகிறவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகிற வழியில், நகரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள், தென்பெண்ணையின் குறுக்கே நிற்கிறது அணை. காமராசர் முதலமைச்சராக இருந்த 1950களில் கட்டியது. முழு நீர்மட்டம் 52 அடி, பெரிய மதகுகள் எட்டு. பூங்கா அணைக்குக் கீழே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. மதகைத் திறந்தால் தண்ணீர் பூங்காவுக்கு அருகில்தான் ஓடியாக வேண்டும். நிறையத் திறந்தால் அங்கிருக்கும் தரைப்பாலம் மூழ்கிவிடும், உள்ளே போக அனுமதியும் இருக்காது. பஸ் பிடித்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் வாசலில் நின்று திரும்பிப் போவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஊரிலிருந்து கிளம்பும்போது வானம் வெளுத்துத்தானே இருந்தது என்று அவர்கள் வருத்தப்படுவார்கள். கிருஷ்ணகிரி வானத்தை நம்பி இந்த ஆற்றுக்கு வரக்கூடாது. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே ஓடி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நின்று, பிறகுதான் நம்மிடம் வருகிறது. இங்கே ஒரு தூறல்கூட விழாத நாளில் அங்கே பெய்த மழை வந்து சேரும். அதனால் மழைக்காலத்தில் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு எண்களைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறேன். கெலவரப்பள்ளியின் முழு அளவு 44.28 அடி, நம் அணைக்கு 52. இரண்டும் நிரம்பும் நிலையில் இருந்து, மேலே மழை என்றும் செய்தி இருந்தால், அந்த வாரம் டேம் கிடையாது.

இந்த எண்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் என் மாமனார். காவேரிப்பட்டணம் பக்கம் கால்வாய்ப் பாசனத்தில் அவருக்கு ஒன்றேகால் ஏக்கர் நெல் இருந்தது. இந்த அணையின் இடது, வலது கால்வாய்களை நம்பி ஏறக்குறைய ஒன்பதாயிரம் ஏக்கர் இருக்கிறது. நானும் பிள்ளையும் ஊஞ்சல் பக்கம் போனால், அவர் ஆற்றைப் பார்த்தபடி ஒரு கல்மேல் போய் உட்கார்ந்துவிடுவார். ஆரம்பத்தில் எனக்கு அது கஷ்டமாக இருந்தது. “மாமா, பேரனோடு கொஞ்சம் விளையாடுங்களேன்” என்று கேட்டிருக்கிறேன். “நீ போம்மா, நான் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்பார். முதல் போகத்துக்குத் திறப்பார்களா, இரண்டாம் போகத்துக்கு நிற்குமா என்று அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2017 நவம்பர் இறுதியில் முதல் மதகு உடைந்தது. இரைச்சல் கேட்கிறது என்று ஊரே கிளம்பியது. நாங்களும் போனோம். தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள், அது சரிதான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாமா மட்டும் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். “இது ஒரு போகத்துத் தண்ணீர் அம்மா” என்று ஒருமுறை சொன்னார். வேறு எதுவும் பேசவில்லை. பின்னால் புது மதகு பொருத்தினார்கள். அவர் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஒரு சனிக்கிழமை அழைத்துப் போனேன். அன்றுதான் முதல்முறையாக நானும் அந்தக் கல்லில், அவர் பக்கத்தில், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்தப் பூங்கா பிடித்துப்போன நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

வார நாளில் வருகிற கூட்டம் வேறு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு. ஞாயிறன்று நெடுஞ்சாலையில் போகிற கார்கள் எல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகின்றன. நிழலில் இடம் கிடைக்காது. வார நாள் பிற்பகலில் வந்தால் பூங்கா விரிந்து கிடக்கும். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு ஒரு மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். நான்கைந்து பெண்கள் சேர்ந்து, ஆண் துணை இல்லாமல், ஒரு தூக்குப் போசியில் புளிச்சோறோடு வந்து மரத்தடியில் உட்காருகிறார்கள். பூ கட்டுகிறார்கள், பேசுகிறார்கள், சிலர் அப்படியே சாய்ந்து தூங்குகிறார்கள். வீட்டில் பகலில் படுக்க முடியாத பெண்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் தருகிற இடம் எனக்குக் கோயில் மாதிரி. பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கும்போதே திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மீனைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றி எழுதவே முடியாது. அணை மீன் வறுவலுக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். என் கணவர் அந்தக் கட்சி. கட்லா, ரோகு, ஜிலேபி கிடைக்கும். நாமே மீனைக் காட்டி எடை போடச் சொன்னால், கழுவி நறுக்கி மசாலா தடவி வறுத்துத் தருவார்கள். பிள்ளைகளுக்குப் பெரிய கட்லாவின் நடுத்துண்டைக் கேளுங்கள், முள் பெரிதாக இருக்கும், எடுத்துவிடலாம். ஜிலேபிக்கு ருசி அதிகம், ஆனால் பொறுமை வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் வாங்குங்கள். விலையை எடை போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வாணலி எண்ணெய் கறுத்திருந்தால் வேறு கடைக்கு நகர்ந்துவிடுவது நல்லது. நான் வழக்கமாக வாங்குகிற கடை அக்கா, என் மாமனாருக்கு என்று சொன்னால் மிளகாயைக் குறைத்து, இஞ்சி பூண்டைக் கூட்டி, தனியாக இரண்டு துண்டு போடுவார். ஐந்தாறு ஆண்டுப் பழக்கம். வீட்டிலிருந்து ராகிக் களி உருண்டை கொண்டுபோய் அந்த மீனோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

இனி மனத்தை வருத்துகிற விஷயம். 2016இல் என் மகனுக்கு ஐந்து வயது. ஆற்றில் தண்ணீர் குறைந்து மணலும் பாறையும் தெரிந்த காலம். கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று விட்டோம். பத்து அடி நடந்திருப்பான், உட்கார்ந்துவிட்டான். மது பாட்டிலின் அடிப்பாகம் மணலுக்குள் நட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. உள்ளங்காலில் நான்கு தையல். குடித்தவன் குடித்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் இறங்குகிற தண்ணீரில் பாட்டிலைப் பாறையில் அடித்து உடைக்க எப்படி மனம் வருகிறது? எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அது. மழைக்குப் பிறகு ஆறு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். கண்ணாடி எங்கும் போவதில்லை, மணலுக்குள் இறங்கிவிடுகிறது. அப்படியே அடித்துக்கொண்டு போனாலும் கீழே இருப்பவர்களிடம்தான் போகும்: காவேரிப்பட்டணம், பிறகு சாத்தனூர், கடைசியில் கடலூர். ஆகவே கணுக்கால் தண்ணீராக இருந்தாலும் செருப்போடு இறங்குங்கள். பாறை வழுக்கும் இடங்களில் இறங்கவே வேண்டாம். மதகுக்கு நேர் கீழே எக்காலத்திலும் வேண்டாம்.

தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். சில மாதங்களில் அது பச்சை நிறமாக, பாசி படிந்து, ஒரு வாடையோடு இருக்கும். மேலே பல ஊர்களின் கழிவு இந்த ஆற்றில் சேருகிறது. கெலவரப்பள்ளியில் நுரை பொங்கி வருகிற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் நாங்கள் கால்கூட நனைப்பதில்லை. படகு வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் அவதானப்பட்டி ஏரிக்குப் போய்விடலாம், வழியிலேயே இருக்கிறது.

கழிப்பறை பற்றிப் பெண்கள் கட்டாயம் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் வேறொரு நீர்க்கரைப் பூங்காவில், மாதவிடாய் நாளில் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, சாவி யாரிடம் என்று அலைந்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்தப் பூங்காவுக்குப் போனாலும் பிள்ளைகளை விளையாட விடுவதற்கு முன் கழிப்பறை திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். பூங்கா என்று பெயர் வைக்கிறவர்கள் முதலில் கட்டவேண்டியது அதைத்தான், வண்ண விளக்கு பிறகு வரட்டும்.

ஆடிப் பதினெட்டு அன்று போகலாமா என்று கேட்டால், போங்கள் என்பேன், ஆனால் விடிவதற்குள். அந்த நாளில் கிராமங்களிலிருந்து சாமிகளைத் தூக்கி வந்து ஆற்றில் நீராட்டுவார்கள். ஏழு கல் வைத்துக் கன்னிமாரைக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் தாங்காது. மாலையில் கரையெல்லாம் பிளாஸ்டிக் தட்டும் பழைய துணியும் கிடக்கும். உடுத்திய துணியை ஆற்றில் விடுகிற பழக்கத்தை எங்கள் வீட்டில் மாமாவே நிறுத்தினார். அந்தத் துணி கால்வாய் மதகில் போய்ச் சிக்கும், அதை இழுத்து எடுத்துக் கையெல்லாம் புண்ணானவர் அவர்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மாதம் முழுதும் ஆற்றுப் பக்கம் நாங்கள் போகவில்லை. மாமாவுக்கு அது பெரிய குறை. இப்போது அவருக்கு மூட்டு வலி, நிலத்தையும் குத்தகைக்கு விட்டுவிட்டார். ஆனாலும் சனிக்கிழமை மூன்றரைக்கெல்லாம் சட்டை மாற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். காரிலிருந்து அவருடைய கல் வரை கைப்பிடி இல்லாத நான்கு படிகள் இருக்கின்றன. என் மகன்தான் பிடித்து இறக்குவான். அவனுக்கு இப்போது பதினான்கு வயது, ஊஞ்சல் வயது தாண்டிவிட்டது. தாத்தாவை உட்கார வைத்துவிட்டு ஒரு பழைய சிமெண்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போவான். மணலைக் குச்சியால் கிளறிக் கிளறி, கண்ணாடித் துண்டு கிடைத்தால் சாக்கில் போடுவான். அவன் கை காட்டிய பிறகுதான் என் நாத்தனாரின் மூன்று வயது மகள் இறங்குவாள். மாமா கல்லில் உட்கார்ந்து, வழக்கம்போல, எத்தனை மதகில் தண்ணீர் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார்.