ஒரே கிரானில் மூன்று ஸ்கிரிப்ட்: எந்த வழி தேவலை?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. இரவில் மூன்று ஸ்கிரிப்ட் ஓட வேண்டும்: நிட்டிங், டையிங் யூனிட்கள் அனுப்பிய எக்செல் பைல்களை டேட்டாபேஸில் ஏற்றுவது, துணி இருப்பைக் கணக்கிடுவது, அதை முதலாளிக்கு மெயில் அனுப்புவது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது.

லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானாக ஓட்டுவது கிரான். அதன் பட்டியலான கிரான்டேப்பில் மூன்று வரி எழுதி 1.00, 1.15, 1.30 என்று நேரம் பிரித்து வைப்பதுதான் பலரும் செய்வது. ஆர்டர் குவியும் மாதத்தில் பைல் ஏற்றவே இருபது நிமிடம் பிடித்தால், கணக்கு பாதி டேட்டாவோடு கிளம்பிவிடும். "ஏனுங்க, நேத்து வந்த துணி இதுல காணமுங்க?" என்று போன் வந்த பிறகுதான் விஷயமே தெரியும்.

என் ஓட்டு, மூன்றையும் வரிசையாக அழைக்கும் ஒற்றை ஷெல் ஸ்கிரிப்டுக்கு. கிரானில் ஒரே வரி. நடுவே && போட்டால் முதலாவது தோற்றதும் மற்றவை நின்றுவிடும்; ; போட்டால் என்ன ஆனாலும் ஓடும். இங்கே வேண்டியது &&. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதிருக்க பூட்டுப் போடும் எஃப்லாக் கட்டளையைச் சேர்த்துவிடுங்கள். கையால் ஓட்டினால் ஓடுவது கிரானில் ஓடாவிட்டால், முதலில் பாத்தை, அதாவது கட்டளைகளைத் தேடும் போல்டர்களின் பட்டியலைப் பாருங்கள். கிரானுக்குத் தெரிந்த பாத் மிகக் குறுகியது, முழு முகவரி கொடுப்பதே நல்லது.

இன்னொரு வழி ரன்-பார்ட்ஸ் என்ற கட்டளை. அது ஒரு போல்டரில் இருப்பதையெல்லாம் பெயர் வரிசையில் ஓட்டும். ஆனால் ஒன்று தோற்றாலும் அடுத்ததற்குப் போய்விடும். டெபியன், உபுண்டு லினக்ஸில் பைல் பெயரில் புள்ளி இருந்தால் சத்தமே இல்லாமல் தாண்டியும் போகும். ஒன்றையொன்று சாராத வேலைகளுக்குச் சரி.

பிஹெச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெலின் ஷெட்யூலர்? நிமிடத்துக்கு ஒரு முறை கிரான் அதைத் தட்டும், மீதி நேரக் கணக்கெல்லாம் கோடில் இருக்கும். ஏற்கெனவே லாராவெல் இருந்தால் அருமை. இதற்காக மட்டும் வேண்டாம்.

அக்கவுண்டன்ட் மேசைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் 'சர்வர்', இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போகிறார்கள் என்றால் கதை வேறு. தவறிய நேரத்தைக் கிரான் திரும்பிப் பார்க்காது. லினக்ஸில் கிரானுக்கு மாற்றான சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட் என்ற அமைப்பைப் போட்டால், காலையில் ஆன் செய்ததும் விடுபட்டதை ஓட்டும். அழைப்பது அதே ஷெல் ஸ்கிரிப்டாகவே இருக்கட்டும்.

கிளவுட் சர்வர் என்றால் நேரம் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னே) இருக்கும். நம்மூர் இரவு 1 மணிக்கு அங்கே முந்தைய நாள் 19.30, ஆகவே கிரான் வரி 30 19 * * * (முதலில் நிமிடம், பிறகு மணி) என்று தொடங்க வேண்டும்.